மூணு பேர் நிக்கிற படம்

எனக்கு முன்னால நிக்கிற கூட்டம் மேடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த மனுஷன் சாப்பிட்டுட்டு வந்துருவாரா மாட்டாரா, அது ஒண்ணுதான் இப்ப எனக்குத் தெரியணும், வேற எதுவும் தெரிய வேணாம். "சுகர் இறங்குற மாதிரி இருக்கு இந்திராணி, நீ வரிசையில நில்லு, நான் ஒரு பந்தி முடிச்சிட்டு ஓடி வந்துர்றேன்"னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போனவருதான். ஓடி வர்றாராம். இலையில உக்காந்தா ரசத்துக்கு ஒரு தடவை மோருக்கு ஒரு தடவை சோறு வாங்கிச் சாப்பிடுற ஆளு ஓடியா வருவாரு? அவரு வந்துட்டா நாலு. மாப்பிள்ளை, பொண்ணு, நான், அவரு. நாலு பேரு நின்னா நடுவுன்னு ஒருத்தர் கிடையாது, போட்டோக்காரன் எப்படி நிக்க வச்சாலும் கிடையாது, ஆட்டோவுல வரும்போதே விரல் விட்டுப் பாத்துட்டேன். அவரு வரலேன்னா மூணு. மூணுன்னா ஒருத்தர் நடுவுல நின்னுதானே ஆகணும். நான் மாப்பிள்ளை தினகர் பக்கம் நின்னா தினகர் நடுவுல. பொண்ணு பக்கம் போனா பொண்ணு நடுவுல, பாவம், யாரு பெத்த பிள்ளையோ, மதுமிதாங்கிற பேரே பத்திரிகை பாத்துதான் எனக்குத் தெரியும். சரி, ரெண்டு பேருக்கும் நடுவுல நானே நின்னுட்டா? நின்னுரலாம், எனக்கென்ன, போறதுன்னா போயிட்டுப் போகுது. ஆனா இன்னைக்குக் காலையில தாலி கட்டுன ஜோடிக்கு நடுவுல எவளாவது போய் நிப்பாளா, மேடையில இருக்கிற பொம்பளைக எல்லாம் "ஏம்மா, ஜோடியப் பிரிக்காத"ன்னு கையப் பிடிச்சு ஓரத்துக்குத் தள்ளிருவாங்க. எத்தனை தடவை போட்டாலும் இந்தக் கணக்கு இதே இடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. ஜிகினாப் பேப்பர் சுத்தின சுவர்க் கடிகாரம் வேற கையில கனக்குது. முன்னால நிக்கிற அம்மா கையிலயும் இதே அளவுல ஒரு பொட்டலம், அதுவும் கடிகாரம்தான், சந்தேகமே வேணாம். வரிசை ஒரு அடி நகருது. நானும் நகர்றேன்.

மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சு. பேச்சுதான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க, சொல்லிட்டு நாலாவதா ஒரு குழந்தையத் தூக்கி நிறுத்திக்கிருவாங்க. நானும் சிரிச்சவதான். அந்தத் தீபாவளி அன்னைக்கு மொட்டை மாடியில நவநீதன், என் மகன், எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான், அவன் நடுவுல, இந்தப் பக்கம் இதே தினகர், அந்தப் பக்கம் ஷாகுல், ரெண்டும் அவன் கூட்டாளிக. மூணு தடியனுகளும் சொல்லி வச்சு ஒரே துணியில சட்டை தைச்சிருந்தானுக, மாம்பழக் கலரு, கண்ணு கூசும். உனக்கு என்னடா தீபாவளின்னு ஷாகுலக் கேட்டா, "அதிரசத்துக்கு ஏதும்மா மதம்"ங்கிறான். "எம்மா, ஒண்ணு எடும்மா"ன்னு நவநீ போனை நீட்டினான், எடுத்தேன். அப்புறம் மழை பிடிச்சுது, மழை விட்டுது, காய்ச்சல் வந்துது. டெங்குன்னாங்க. ரத்தத்துல ஏதோ அணு குறையுதுன்னாங்க, இன்னைக்கு ஏறிருச்சுன்னாங்க, மறுபடி இறங்கிருச்சுன்னாங்க. கார்த்திகைக்கு எங்க வீட்டு வாசல்ல விளக்கு இல்ல. வேற நல்ல படம் இல்லேன்னு அந்த மாடிப் படத்தைத்தான் வெட்டிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டாங்க. ஷாகுல் அவன் தோள்மேல கை போட்டிருந்தான் இல்லையா, அதை முழுசா வெட்ட முடியல, போஸ்டர்ல என் பிள்ளை தோள்ல யாரோட விரலோ நாலு ஒட்டிக்கிட்டு நின்னுது. என் நாத்தனார் கோமளா அதைப் பாத்துட்டு, "யாரு விரலு இது?"ன்னு கேட்டா. சொன்னேன். "மூணு பேராவா நிக்க வச்சு எடுத்த?"ன்னா. அவ கெட்டவ இல்ல. அந்த வாய் தானா திறந்துக்கிரும், அவ்வளவுதான். அவ கேட்டுட்டுக் காப்பி போடப் போயிட்டா. எனக்குள்ள அந்தக் கேள்வி காலை நீட்டி உக்காந்துக்கிருச்சு.

அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் மூணு. பஸ் ஸ்டாப்புல மூணு பேரு நின்னா நடுவுல நிக்கிறவரைப் போய், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே"ன்னு சொல்லுவேன். டீ.வி.யில மூணு பேரு உக்காந்து பேசினா அணைச்சிருவேன். தூக்கம் போச்சு. குளிக்கிறது போச்சு. யாரு பேசினாலும் வாய் அசையறது தெரியும், சத்தம் ரெண்டு வீடு தள்ளிக் கேக்குற மாதிரி இருக்கும். அப்புறம் அந்தச் சடங்கு வீடு, ஐயோ அதை ஏன் இப்ப நினைக்கிறேன், இதே மாதிரி மண்டபம், இதே மாதிரி சீரியல் லைட்டு, கோமளா மகளுக்குச் சடங்கு, அந்தப் பிள்ளைய நடுவுல நிறுத்தி அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம், போட்டோக்காரன் கையத் தூக்குறான், நான் எப்ப மேடை ஏறினேன்னு எனக்குத் தெரியாது. பிள்ளையோட கையைப் பிடிச்சு இழுத்திருக்கேன். மாலை அறுந்து பூ பூரா மேடையில. அந்தப் பிள்ளை "அத்தை விடுங்க அத்தை"ன்னு அழுதுது, அதுமட்டும் கேட்டுது எனக்கு. கூட்டத்துல எவளோ, "லூசு புடிச்சிருச்சுப்பா, பிள்ளையப் பறிகுடுத்தவ"ன்னா. சரியாத்தான் சொன்னா. மறுவாரம் மதுரையில கொண்டுபோய்ச் சேர்த்தாரு என் வீட்டுக்காரரு. வார்டு ஜன்னல்ல கம்பி, மாத்திரை சாப்பிட்டமான்னு பாக்க வாயைத் திறக்கச் சொல்ற நர்ஸம்மா, முழுங்கினா நாக்கு தடிச்சுப்போற மாத்திரை. இப்ப அந்த மாத்திரையெல்லாம் பாதியாக் குறைஞ்சிருச்சு. இன்னைக்கு மட்டும் நான் அந்த மாதிரி ஒண்ணு பண்ணினேன்னு வைங்க, குறைஞ்சதெல்லாம் திரும்பவும் கூடும், அது கூடக் கூடட்டும், தினகரோட கல்யாணத்துல பண்ணிட்டேன்னு ஆயிருமே. இந்த மேடையில ஒரு பூ உதிர்ந்தாலும் நான் இனி அவன் மூஞ்சியில முழிக்க முடியாது. கடிகாரத்தை இடுப்போட அணைச்சுக்கிறேன். பையில இருந்து போனை எடுக்கிறேன்.

போனை எடுத்துட்டா கொஞ்சம் சரியாகும். மதுரையில என்னைப் பாக்குற சுகந்தி டாக்டர் சொல்லிக் குடுத்தது. "தினம் ஒரு படம் எடுத்துட்டு வாங்கம்மா, எதை வேணும்னாலும்"னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, "படம் எடுத்துத்தான டாக்டர் இந்தக் கதிக்கு வந்தேன்"னேன். "அதனாலதான் சொல்றேன்"னாங்க. கோவில்பட்டிக்காரங்க, அதிகம் பேச மாட்டாங்க. முதல்ல என் செருப்பை எடுத்தேன், ஒத்தைச் செருப்பு. அப்புறம் குக்கர் மூடி. கொடியில காயுற துண்டு. குழாய் நுனியில சொட்டப்போற தண்ணி, அதுக்கு ஒரு சாயங்காலம் பூரா நின்னேன், விழறதுக்கு முன்னால பிடிக்கணும், விழுந்தப்புறம் எடுத்தா வெறும் குழாய். அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். போனைத் தூக்கினதுல இருந்து அமுக்குற வரைக்கும் மண்டைக்குள்ள ஒண்ணும் ஓடல. கோமளா இல்ல, மூணு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. சொட்டு மட்டும் இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு கேட்டா ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த ஒரு மூச்சு எனக்கு ரொம்ப நாளாக் கிடைக்கல, அடுப்படியிலயே உக்காந்து அழுதுட்டேன். அப்புறம் பைத்தியம் மாதிரி எடுத்தேன், பைத்தியம்தானே, வேற எப்படி எடுப்பேன். ஒரு நாள் தட்டுல மூணு கத்திரிக்கா இருந்துச்சு. என்னமா மினுமினுன்னு இருந்துச்சு, ஜன்னல் வெளிச்சம் மேல விழுந்து. எடுக்க முடியல. விரல் போகல. ஒரு தக்காளியக் கொண்டாந்து பக்கத்துல வச்சுத்தான் எடுத்தேன். டாக்டர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, "தக்காளிக்கு இங்க என்ன வேலை?"ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்களும் சிரிச்சாங்க. ஆளுன்னு முதல்ல எடுத்தது என் வீட்டுக்காரரைத்தான், சவரம் பண்றப்போ. ஆதார் கார்டுக்கு எடுக்கிற மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னாரு, கன்னத்துல பாதி நுரை. போனுக்குள்ள பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, மனுஷனுக்குக் கழுத்து இப்படி மெலிஞ்சு போச்சுன்னு. நவநீக்கு அவரும் அப்பன்தானேன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் ஒருத்தரா எடுத்திருக்கேன், ரெண்டு பேரா எடுத்திருக்கேன், நாலு அஞ்சுன்னு கூட்டமாக் கூட எடுத்திருக்கேன். மூணு மட்டும் இன்னும் இல்ல. இப்ப ரோஸ்மில்க் டம்ளரை எடுக்கிறேன், யாரோ பாதி குடிச்சிட்டு நாற்காலி கைமேல வச்சிட்டுப் போனது. பின்னால நிக்கிற அம்மா எட்டிப் பாத்து, "யாருக்குங்க அனுப்பப் போறீங்க?"ன்னு கேக்குறாங்க. "யாருக்கும் இல்லக்கா, சும்மா"ன்னேன். அந்தம்மா ஒரு மாதிரி பாத்துட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாங்க.

அந்தம்மா மாதிரி நானும் தள்ளிப் போயிருக்கலாம். பத்திரிகை வச்சப்பவே ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கலாம். தினகர் விட்டானா? வீட்டுக்குள்ள வந்தவன் நவநீ படத்தைப் பாக்கவே இல்ல, தலையக் குனிஞ்சுக்கிட்டே பத்திரிகையத் தட்டுல வச்சு நீட்டினான். "அம்மா, நீங்க வரணும். வந்துட்டுச் சாப்பிட்டுட்டு அப்படியே போயிரக் கூடாது. மேடைக்கு வந்து என்கூட நிக்கணும்." ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றான்னு அப்ப யோசிக்கல. அவன் கல்யாணத்துல நிக்கிறதுக்கு என் மகன் இல்ல, நானாவது நிக்கணும்னு நினைக்கிறான் போலன்னு இருந்துட்டேன். வர்றேன்டான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு நிக்காமப் போனா பிள்ளை மனசு என்ன பாடுபடும். வீட்டுக்காரருக்குப் போன் போடுறேன், அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டேங்குறாரு, சாப்பிடுற கையில எப்படி எடுப்பாரு, ஏன், இடது கைன்னு ஒண்ணு இருக்குங்கிறது இவருக்குத் தெரியாதா. முன்னால நிக்கிற குடும்பத்தைப் பாக்குறேன். கடிகாரத்தம்மா, அவங்க வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணுங்க. இவங்களோட சேந்து ஏறிட்டா ஆறேழு பேராயிரும், பிரச்சினையே இல்ல. "நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா?"ன்னு பேச்சுக் குடுக்கிறேன். "மாப்பிள்ளையோட ஆபீஸ்ங்க"ன்னு சிரிச்சாங்க. நல்ல முகம். ஒட்டிக்கிட்டே படி ஏறினேன். மேல ஒரு பய, போட்டோக்காரனோட ஆள் போலருக்கு, நடுவுல கைய நீட்டி, "ஒரு ஃபேமிலி முடிஞ்சு ஒரு ஃபேமிலி வாங்கம்மா"ன்னு என்னைப் பிரிச்சு நிறுத்திட்டான். அவங்க நின்னாங்க, லைட்டு அடிச்சுது, சிரிச்சாங்க, இறங்கிட்டாங்க. படியில திரும்பிப் பாத்தேன். பந்தி வாசல்ல இருந்து யாரும் ஓடி வரல.

போயிட்டேன். தினகர் என்னைப் பாத்ததும் ரெண்டு எட்டு முன்னால வந்து கையப் பிடிச்சான். கோட்டு சூட்டுக்குள்ள குளிச்சது மாதிரி வேர்த்திருந்தான். அந்தப் பொண்ணு குனிஞ்சு கால்ல விழப் போச்சு, வேணாம்மான்னு தூக்கி விட்டேன். கடிகாரத்தை யாரோ வாங்கிக்கிட்டாங்க. நான் எங்க நிக்கணும்னு யோசிக்கிறதுக்குள்ள தினகர் பக்கத்துல நின்னிருந்தேன், தினகர் நடுவுல. சரி, அமுக்கிருவான், ஒரு மூச்சு, குழாயில தண்ணி சொட்டுற நேரம், கண்ணை மூடிக்குவோம், முடிஞ்சிரும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். போட்டோக்காரன் கேமராவை இறக்கிட்டான். "மூணு பேரா வேணாம்மா. இன்னொருத்தர் யாராவது சேந்துக்கங்க, ஒரு குழந்தையவாவது தூக்கிக்கங்க"ன்னு, லைட்டைத் தள்ளி வைங்கங்கிற மாதிரி சாதாரணமாச் சொல்றான். எனக்குக் காதுக்குள்ள கொய்யுன்னு ஆயிருச்சு. பாத்தியா, பாத்தியா, நாள் பூரா படம் எடுக்கிறவனே சொல்றான், அவனுக்குத் தெரியாததா, அப்ப நிசந்தானே, அப்ப நான்தானே. கால் தானா பின்னால போகுது. அப்ப என் கையைப் பிடிச்சிருந்த தினகர் கை ஐஸா குளிர்ந்து போனது தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தேன். அவன் மூஞ்சியில ரத்தமே இல்ல. "அம்மா, இருங்கம்மா, ஷாகுலக் கூப்பிடுறேன், இங்கதான் எங்கயோ நின்னான்"னு கூட்டத்துக்குள்ள தேடுறான். தேடிக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அன்னைக்கு மாடியில நடுவுல நான்தாம்மா நின்னேன். மூணு பேரா நிக்காதன்னு எங்கம்மா சொல்லுவாங்கல்ல, அது ஞாபகம் வந்து நைசா ஓரத்துக்கு வந்துட்டேன். அவன் பாட்டுக்கு நடுவுக்கு நகர்ந்துட்டாம்மா. நான் நின்னிருக்கணும்மா"ங்கிறான். மணமேடையில மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டுப் பிள்ளை இதைச் சொல்றான். அடப்பாவி. இத்தனை வருஷமா இவனும் இதைத்தான் சுமந்துக்கிட்டிருந்தானா? என்கூட நிக்கணும்னு அழுத்திச் சொன்னது இதுக்கா? எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சுன்னு தெரியல. "டேய், லூசாடா நீ?"ன்னு கத்திட்டேன். நாதஸ்வரக்காரர் கூட ஒரு நொடி நிறுத்திட்டாரு. இந்த மண்டபத்துல யாரு லூசுன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பரவாயில்ல. "கொசு கடிச்சுதுடா அவனை. கொசு. எந்த வீட்டுத் தொட்டியில பொறந்த கொசுவோ. அது அவன் ஓரத்துல நிக்கிறானா நடுவுல நிக்கிறானான்னு பாத்தா கடிச்சுது? சொல்லுடா." டாக்டர் எனக்கு ஆயிரம் தடவை சொன்னது. என் வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் உக்காந்து சொன்னது. என் வாயில இருந்து வந்து இப்பத்தான் முதல் தடவை என் காதுல விழுது. நம்புறேனான்னு கேட்டா, தெரியல. ஆனா அவன் நம்பணும். அவன் வாழப்போற பிள்ளை. "மூணு பேருதான் தம்பி. எடுங்க"ன்னேன் போட்டோக்காரன்கிட்ட. அவன், "இல்லம்மா, நாளைக்கு ஆல்பம் பாத்துட்டுப் பெரியவங்க யாராவது…"ன்னு இழுத்தான். "எடுங்கண்ணா"ன்னு ஒரு குரல். அந்தப் பொண்ணு. அதுபாட்டுக்குத் தினகர் முழங்கையை இழுத்து நேரா நிக்க வச்சுக்கிட்டு, முன்னால பாத்துச்சு. கெட்டிக்காரிதான். லைட்டு அடிச்சுது. "அம்மா கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு"ன்னான். இன்னொண்ணா! முழிச்சுக்கிட்டே நின்னேன். வெளிச்சம் சுள்ளுன்னு கண்ணுல ஏறுச்சு, தண்ணி ஊத்துது, மூடல. பக்கத்துல தினகர் மூச்சு விடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நல்லா, பெருசா விட்டான்.

இறங்குறப்போ அவன் காதுல, "நாளைக்குக் காலையில போன் பண்ணுவேன், எடுக்கணும்"னேன். கல்யாணம் ஆன மறுநாள் காலையில எவளாவது மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி இருக்கியாப்பான்னு கேப்பாளா? நான் கேப்பேன். நாளன்னிக்கும் கேப்பேன், கார்த்திகை வரைக்கும் கேப்பேன். "எப்ப வேணும்னாலும் பண்ணுங்கம்மா"ன்னான், கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கிறான். படியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா இறங்குறேன். கீழ நம்மாளு ஓடி வர்றாரு, நிசமாவே ஓடித்தான் வர்றாரு, ஈரக்கைய வேட்டியில துடைச்சுக்கிட்டு, மீசையில பாயசம். "போயிட்டியா? ஐயோ, வர்றதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்களா? யாரு கூட நின்ன?" "யாரு கூடவும் இல்ல. நாங்க மூணு பேருதான்." அவரு அப்படியே நின்னுட்டாரு. என் மூஞ்சியப் பாக்குறாரு, மேடையைப் பாக்குறாரு, மாலையெல்லாம் அறுந்து கிடக்கான்னு பாக்குறாரு போல. அப்புறம் பக்கத்துல கிடந்த நாற்காலியில தொப்புனு உக்காந்துட்டாரு. நான் அவரு கையை எடுத்து என் கைக்குள்ள வச்சுக்கிட்டேன். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. பயப்படத்தான் நான் ஒருத்தி இருக்கேன்ல."